கேம்ப்ஃபயர் இல்லாத கேம்பிங்: அப்புத்தளைப் பக்கத்து இடம் ஒன்றுக்கு என் மார்க்

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று கக்கூசுக்கும் பில் கணக்குக்கும் சிகரெட்டுக்கும். நெருப்பு மூட்ட விடவில்லை என்று ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. நாலு வந்ததே அதனால்தான்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே போய்வந்த சிலர், "கேம்பிங் என்று வரச் சொல்லிவிட்டு நெருப்புகூட மூட்ட விடவில்லை, காசு வீண்" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வெடுத்தவன். அல்துமுல்லைப் பக்கத்து மலைகளில் எந்த மாதம் எந்தப் புல் எப்படி எரியும் என்று கூடவே ஓடித் தெரிந்துகொண்டவன். என் மார்க் வேறு மாதிரித்தான் இருக்கும். குறையும் சொல்லப்போவதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. அப்புத்தளைக்கும் இதல்கஸ்ஹின்னைக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கீழ்ப்பக்கம், பைன் காட்டை ஒட்டிய இடம் என்று சொன்னால் ஓட்டோக்காரர்களுக்குப் புரியும்.

ஆகஸ்ட் லீவுக்கு வத்தளையிலிருந்து மகளும் மருமகனும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பண்டாரவளை வீட்டில் எல்லாரும் படுக்க இடம் உண்டு. ஆனாலும் டென்டில்தான் படுப்பேன் என்று பேரன் ஒற்றைக்காலில் நின்றான். மருமகன் போனிலேயே புக் பண்ணினார். தலைக்கு 4,500 ரூபாய், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதற்குள். சின்னவளுக்குப் பாதி.

பழைய தேயிலைக் காணி அது. கைவிட்டு மானாப்புல் ஏறிக் கிடந்ததை ஒரு குடும்பம் வாங்கித் துப்புரவாக்கி, நாலு தட்டாக வெட்டி டென்ட் அடித்திருக்கிறது. காட்சியைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, எல்லாரும் படம் போட்டிருக்கிறார்கள். பார்வை தெளிந்த நாளில் தெற்கே உடவளவைக் குளத்துத் தண்ணீர் மினுங்குவது வரை தெரியும், அது போதும்.

கேட்டில் மூன்று மொழியிலும் ஒரு பலகை. தமிழில் எழுத்துப்பிழை இல்லை. நம் நாட்டுப் பலகைகளில் அதற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். ஜூன் மாதம் தொடங்கி மழை பிடிக்கும்வரை திறந்த நெருப்பு கிடையாது, கரி அடுப்பும் கிடையாது. மற்ற மாதங்களில் இரும்புத் தொட்டிக்குள் மட்டும். மூட்டுவதும் அணைப்பதும் அவர்களுடைய ஆள். இரவு பத்து மணிக்கு மேல் இல்லை. காற்று எழும்பினால் எந்த மாதமானாலும் இல்லை. இவ்வளவுதான் பலகையில்.

நாங்கள் அதை வாசித்து முடிக்கும் முன்பே மருமகன் டிக்கியைத் திறந்து கரி மூட்டையையும் மசாலா தடவிய கோழியையும் இறக்கத் தொடங்கிவிட்டார். அங்கே வேலை பார்க்கும் பொடியன் ஓடி வந்தான். கீழ் டிவிசன் லயத்துப் பிள்ளை.

"அண்ணே, கரிய வண்டியிலயே வச்சிருங்க. கோழிய தாங்க, குசினியில கேஸ்ல சுட்டுத் தாறோம்."

"தம்பி, சல்லி கட்டித்தானே வந்திருக்கோம். ஒரு மூலையில நாலு கல்ல வச்சுச் சின்னதா மூட்டிக்கிறோம். என்ன ஆகிரப் போகுது?"

"கல்லு நிக்கும் அண்ணே. பொறி நிக்காது."

மருமகன் என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"தம்பி சொல்றது சரி மாப்பிள. அந்தப் புல்லுல ஒரு பிடி புடுங்கிப் பாருங்க" என்றேன்.

பிடுங்கினார். கையிலேயே பொடியாக நொறுங்கியது. மானாவில் எண்ணெய் வேறு இருக்கிறது. சிட்ரனெல்லா எண்ணெய் எடுக்கிற புல்லின் இனம்தான் அது, கசக்கினாலே மணக்கும். காய்ந்த மானாவில் நெருப்பு பட்டால் பற்றும் என்று சொல்வதுகூடக் குறைவு, பாயும்.

வத்தளை, கொழும்பு ஆட்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. ஜூன், ஜூலை என்றால் மலைநாட்டில் மழை என்று பாடசாலையில் படித்ததை வைத்துக்கொண்டு வருவார்கள். அட்டன், மஸ்கெலியா, நோட்டன்பிரிட்ஜ் பக்கம் அது சரி. தென்மேல் பருவக்காற்று அந்தச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது ஈரம் வற்றி எங்கள் ஊவாப் பக்கத்துக்கு வருகிறது. அங்கே குடை பிடிக்கிற அதே நாளில் இங்கே கான் எல்லாம் காய்ந்து கிடக்கும். மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்கிற காற்றும் இதே காற்றுதான். அப்புத்தளை மலை இடுக்கில் அது புகுந்து வரும் வேகத்துக்கு நாங்கள் போன அன்று டென்ட் கயிறு இரவெல்லாம் விசிலடித்தது. ஐப்பசி மழை வந்தால்தான் இந்தப் பக்கத்துக்கு ஈரம்.

மேலே இருப்பது பைன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பத்தனைப் புல்வெளிகளில் நட்டது. அதன் ஊசி இலை லேசில் மக்காது, ஆண்டாண்டாக அடியில் சேர்ந்துகொண்டே போகும். அதில் பிசினும் உண்டு. மேலே அணைந்த மாதிரித் தெரிகிற நெருப்பு அடியில் புகைந்து புகைந்து போய், மறுநாள் வெயிலேறிய பிறகு வேறு இடத்தில் எழும்பும். அப்புறம் சரிவு. தீயணைப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: சரிவு பத்துப் பாகை கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுவாலை மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டு போவதால் அப்படி. இந்த இடத்தில் கீழ்த்தட்டில் மூட்டினால் மேலே பைன் காடு. மேல்தட்டில் மூட்டினால் பைன் பக்கத்திலேயே.

நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு செப்டெம்பரில் தோட்டத்து எல்லையிலிருந்த பத்தனையில் தீ பிடித்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைப்பவர்கள் உண்டு, வேட்டைக்கு வைப்பவர்கள் உண்டு, அணைக்காமல் எறிந்த பீடியும் உண்டு. தானாகப் பிடிக்கிற தீ நம் மலையில் இல்லை என்றே சொல்லலாம். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, வந்த ஆட்களைக் கொழுந்து மலைக்கு அனுப்பாமல் அப்படியே தீக்கு அனுப்பினோம். அந்த உயரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வழியில்லை, பச்சைக் கொப்பு முறித்து அடிப்பதுதான். அடிப்பதிலும் ஒரு முறை உண்டு. ஓங்கி அடித்தால் பொறி பறந்து நம் முதுகுக்குப் பின்னால் விழும். கொப்பைத் தீயின் மேல் அமுக்கி, எரிந்து முடிந்த பக்கமாக இழுத்து வாங்க வேண்டும். ஒரு வரிசை அப்படி அமுக்கிக்கொண்டு போக, பின்னால் இன்னொரு வரிசை சுரண்டியும் மம்பட்டியுமாக மண் தெரியச் செதுக்கிக்கொண்டே போகும். பொழுது சாய்ந்துதான் அடங்கியது. ஏழாம் நம்பர் மலையில் மேல் வரிசைத் தேயிலை வெந்துபோயிற்று. ஐப்பசி பிறந்து மழை விழுந்ததும், வேர் பிடிக்கப் புல் இல்லாமல் அந்தப் பத்தனை மண் முழுக்க இறங்கிக் கான்களை மூடியது. அதைத் தோண்டியெடுத்த ஆட்களுக்கு நாட்சம்பளப் பேர் போட்டது நான்தான். எத்தனை நாள் போட்டேன் என்று துரை கேட்டார், சொன்னதும் நம்பவே மாட்டேன் என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மருமகன் கேட்டார். அவர் எதற்கும் சட்டம் கேட்பார், அரசாங்க உத்தியோகம். அரசாங்கக் காட்டுக்குள் காலம், மாதம் என்ற பேச்சே இல்லை. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றம். தேசிய பூங்கா என்றால் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பக்கத்திலிருக்கிற ஹோர்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. 2010இல் நக்கிள்ஸ் மலைத்தொடர், சிவனொளிபாத மலைக் காடு இரண்டோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அங்கே போய்க் குளிருக்கு இரண்டு சுள்ளி கொளுத்தினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. தனியார் காணி என்று வந்தால் பெரும்பாலும் காணிக்காரரின் புத்திதான் காவல். வறட்சிக் காலத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வனத் திணைக்களமும் காட்டோரம் தீ வைக்க வேண்டாம் என்று ரேடியோவிலும் பேப்பரிலும் கேட்டுக்கொள்ளும். கேட்பவர் கேட்பார். இந்த இடத்துக்காரர் கேட்டு, பலகையும் அடித்து, வருகிற வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேரே "இல்லை" என்றும் சொல்கிறார். வியாபாரத்தில் அது லேசான காரியம் இல்லை.

பலகை அடிப்பதோடு நிறுத்திவிட்டார்களா என்று பார்க்கப் பின்னேரம் காணியைச் சுற்றி ஒரு நடை போனேன். பழைய பழக்கம். பைன் பக்கத்து எல்லையில் ஆள் படுக்கிற அகலத்துக்கு மேல் புல்லைச் செதுக்கி மண் தெரிய விட்டிருக்கிறார்கள். பயர் பெல்ட் என்று நாங்கள் சொல்வது. சும்மா ஒரு தடவை வெட்டிவிட்டு விட்டதில்லை, புதிதாக விழுந்த ஊசி இலையைக்கூடக் கூட்டியிருந்தார்கள். தட்டுக்கு ஒரு பெரல் தண்ணீர், பக்கத்தில் வாளி. எனக்கு மிகவும் பிடித்தது குசினிச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த இரண்டு மருந்தடிக்கிற டேங்க். புல்லுக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டுவோமே, அதேதான். மருந்துக்குப் பாவிக்காத புதுசு, தண்ணீர் நிரப்பியே வைத்திருந்தார்கள். கைப்பிடியை அழுத்திப் பார்த்தேன், நன்றாகப் பீய்ச்சியது. வாளியால் ஊற்றினால் பாதி வீணாகும். இதை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஓடலாம், தீயின் அடியைப் பார்த்து அடிக்கலாம். இந்த யோசனை எந்தப் புத்தகத்தில் இருந்தும் வந்திருக்காது, தோட்டத்தில் வளர்ந்தவன் மூளையில்தான் உதிக்கும்.

மழைக்காலத்தில் பாவிக்கிற நெருப்புத் தொட்டியையும் காட்டச் சொன்னேன். பழைய எண்ணெய்ப் பெரலைப் பாதியாக அறுத்து, முழங்கால் உயரத்துக்குக் கால் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மேலே பொறி பறக்காமல் கம்பி வலை மூடி. கீழே மண் சூடாகாது, வேருக்குள் நெருப்பு இறங்காது. விறகு சவுக்கும், கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறும் மட்டும். பைனோ யூக்கலிப்டஸோ போடுவதில்லையாம், வெடித்துப் பொறி தெறிக்கும் என்று. எப்படி அணைப்பீர்கள் என்று பொடியனைக் கேட்டேன், பரீட்சைதான்.

"தண்ணி ஊத்துவோம் ஐயா. கம்பியால கிளறுவோம். திரும்ப ஊத்துவோம். சத்தம் நின்னாலும் விட மாட்டோம். பொறங்கைய கிட்ட கொண்டுபோய்ப் பாத்து, சூடு இல்லன்னாதான் போய்ப் படுப்போம்."

"மண் போட்டு மூடினால் என்ன?"

"மூடினா உள்ள அப்படியே தணல் இருக்கும் ஐயா. காலையில புள்ளைங்க மிதிச்சா கால் போயிரும்."

முழு மார்க்.

இரவு எப்படிப் போயிற்று? கோழியைக் குசினியில் கேஸ் அடுப்பில் கம்பித் தட்டு வைத்து வாட்டிக் கொடுத்தார்கள். கரிவாசம் இல்லை என்று மருமகன் குறைப்பட்டார். தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. தேங்காய் ரொட்டி சூடாக வந்துகொண்டே இருந்தது. கட்டச் சம்பல் உண்மையான காரம், பருப்பு சுமார். மூன்று பக்கம் கல் சுவர் வைத்து மேலே தகரம் போட்ட ஒரு கூடம் இருக்கிறது, அங்கேதான் எல்லாரும் உட்கார்ந்தோம். காற்று உள்ளே வராது. நடுவில் சோலர் விளக்கு. பிள்ளைகள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பொடியன் சொன்ன ரோட்டு முனிக் கதையில் நெருப்பை மறந்துவிட்டார்கள். குளிர் என்றால் நல்ல குளிர். அவர்கள் தருகிற கம்பளி ஒரு ஆளுக்கு ஒன்று, போதாது. வீட்டிலிருந்து கொண்டு போங்கள்.

பக்கத்து டென்டில் கொழும்பிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரு கூட்டம். குளிர் தாங்காமல், குசினியிலிருந்து ஒரு சட்டித் தணல் வாங்கி டென்டுக்குள் வைக்கலாமா என்று கேட்டார்கள். முதலாவது, குசினியில் தணலே இல்லை. இரண்டாவது, பொடியன் அதைக் கேட்டு உண்மையிலேயே பயந்துவிட்டான். மூடிய டென்டுக்குள் கரித் தணல் வைத்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு சேரும். அதற்கு வாசமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். லயத்துக் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு தணல் சட்டி வைத்துப் படுக்கிற பழக்கம் நம்மிடமும் இருந்ததுதான். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துகள் பலரைக் காப்பாற்றியிருக்கும். டென்டுக்குச் சந்து இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

நெருப்பு இல்லை என்பதை புக் பண்ணும்போதே சொல்ல வேண்டும். கேட்டுக்கு வந்து பலகையில் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும், அந்த ஒற்றை நட்சத்திரங்களில் பாதி இதனால் வந்ததாகத்தான் இருக்கும். அதோடு, பில்லில் "கேம்ப்ஃபயர் 2,000" என்று ஒரு வரி அப்படியே இருந்தது. கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் கழித்துவிட்டார்கள், பழைய பில் புத்தகமாம். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மூட்டாத நெருப்புக்குக் காசு வாங்குவது சரியில்லை. நான் கணக்கு எழுதியவன், இதை விட மாட்டேன்.

இதைவிடப் பெரியது சிகரெட். விறகு நெருப்புக்கு இவ்வளவு காவல் போட்டவர்கள், சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு இடமும் ஒரு மண் வாளியும் வைக்கவில்லை. பயர் பெல்டுக்கு அந்தப் பக்கம், பைன் இலைக்கு மேலேயே, மிதித்த துண்டுகளைக் கண்டேன். மிதித்தது நல்லது, மிதிக்காததை யார் காண்பார்? பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் கொண்டுவரும் வாணம், மெழுகுதிரி வைத்துப் பறக்கவிடும் கடதாசி விளக்கு இதையெல்லாம் பற்றியும் பலகையில் ஒரு வரி இல்லை. அந்த விளக்கு எங்கே போய் விழும் என்று விட்டவருக்கும் தெரியாது. காணிக்காரரிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார். கக்கூஸ் மேல்தட்டு ஆட்களுக்குத் தூரம், வழியில் வெளிச்சமும் கிடையாது, கதவுக் கொண்டி ஆடுகிறது. வயதானவர்கள் கீழ்த்தட்டு கேளுங்கள், காற்றும் குறைவு.

நெருப்போடுதான் கேம்பிங் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கத்துக்கு நவம்பர், டிசம்பரில் வாருங்கள். மழை பெய்து புல் பச்சையாக இருக்கும், தொட்டியை வெளியே எடுப்பார்கள். அதே கணக்கை நுவரெலியாவுக்கோ அட்டனுக்கோ கொண்டுபோகாதீர்கள். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் வறட்சி. நுவரெலியாவில் துகள்பனி கொட்டிப் புல் கருகிக் கிடக்கும், அதுவும் நெருப்புக்குத் தீனிதான். மலைநாடு முழுவதற்கும் ஒரே கலண்டர் கிடையாது. போகிற இடத்தில் கடைசியாக மழை எப்போது விழுந்தது என்று கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே அவர்கள் யோசித்திருக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நெருப்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பேரன் விடவில்லை. மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்துக்கு வா, காமன் எரிக்கிறதைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அது ஊரே சுற்றி நின்று பார்க்கிற நெருப்பு. புல்லில்லாத மைதானம், தண்ணீரோடு நிற்கிற ஆட்கள், எரிந்து முடியும்வரை யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

போகிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு விசயம். அப்புத்தளை ஸ்டேசனிலிருந்து ஓட்டோ 1,200 ரூபாய் கேட்பார்கள், ஆயிரத்துக்கு வருவார்கள். வழியில் எங்கேயாவது பத்தனையில் புகை கண்டால் படம் பிடித்துக்கொண்டு நிற்காமல் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு எடுங்கள்; பொலிசுக்கு 119. எந்தத் தோட்டம், எந்த மைல் கட்டை என்று சேர்த்துச் சொல்லுங்கள், "மலையில் தீ" என்று மட்டும் சொன்னால் எந்த மலை என்று அவர்கள் தேடவேண்டி வரும்.